பார்த்த படத்தையே பார்ப்பது ஏன்?

(நம் குடியிருப்பின் ஆண்டு விழாவில் பி பிளாக் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று மாலை வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். போன ஜெனரல் பாடி கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்கைப் பற்றி நான் முக்கால் மணி நேரம் பேசியதை அவர் இன்னும் மறக்கவில்லை. பயப்பட வேண்டாம். இன்று கணக்கு எதுவும் கிடையாது, சினிமா மட்டும்தான். பொதுக் கரண்ட் பில்லைப் பற்றி மட்டும் நடுவில் ஒரு வார்த்தை சொல்வேன். அதற்கு இப்போதே அனுமதி கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் எங்கள் மேல் வீட்டுப் பையன். எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஒரு நாள் லிஃப்டில் கேட்டான். “தாத்தா, நேத்து ராத்திரியும் அதே படம்தானே பார்த்தீங்க? சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. முடிவு தெரிஞ்ச படத்தை எதுக்குத் திரும்பத் திரும்பப் பார்க்கறீங்க?”

நல்ல கேள்வி. ஆனால் மூன்று மாடி இறங்குவதற்குள் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. “சும்மாதான்ப்பா” என்று சொல்லிவிட்டு, சத்தத்துக்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன். அதோ, மூன்றாவது வரிசையில் அவனும் உட்கார்ந்திருக்கிறான். கையில் போன் இருக்கிறது. இருந்தாலும் காது இங்கேதான் இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தலைமுறைக்கு ஒரு படத்தை மறுபடி பார்ப்பது அவ்வளவு சுலபமான காரியமாக இருக்கவில்லை. எங்கள் ஊரில் இருந்தது டெண்டுக் கொட்டகை. தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தால், பின்னால் இருப்பவர் தட்டிவிடுவார். ஒரே ஒரு புரொஜெக்டர்தான், அதனால் ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. படம் பட்டணத்தில் ஓடி முடித்து, தேய்ந்து, மழை பெய்வது போலக் கோடு விழுந்த பிறகுதான் எங்களிடம் வரும். ஒரு வாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் அந்தப் படத்தை எங்கே பிடிப்பது?

காதால்தான் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கியில் திருவிளையாடல் வசனம் ஓடும். 1965-ல் வந்த அந்தப் படத்தைப் பார்க்காதவனுக்குக்கூட தருமியும் சிவபெருமானும் பேசிக்கொள்வது தலைகீழ்ப் பாடம். பிறகு டிவி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் படம் என்றால், தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டில் செருப்பு வைக்க இடம் இருக்காது. எந்தப் படம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். கிடைத்ததைப் பார்த்தோம்.

இன்று பொத்தானை அழுத்தினால் எந்தப் படமும் வருகிறது. வந்த பிறகு நான் என்ன செய்கிறேன்? ஆயிரம் புதுப் படம் இருக்க, அதே பத்துப் பன்னிரண்டு படங்களைத்தான் போட்டுக்கொள்கிறேன். என் மகன் இதைக் ‘கஞ்சி’ என்பான். உடம்பு சரியில்லாதவர் கஞ்சி கேட்பது போல அப்பா காதலிக்க நேரமில்லை கேட்கிறார் என்பான்.

சரி, அந்தப் படத்திலிருந்தே தொடங்குகிறேன். ஸ்ரீதர் இயக்கி 1964-ல் வந்தது. செல்லப்பாவாக வரும் நாகேஷ், ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று ஒரு கம்பெனியைத் தொடங்கிவிட்டுப் படம் எடுக்க அப்பாவிடம் பணம் கேட்கிறார். அப்பாவாக டி.எஸ்.பாலையா. பாலையாவை உட்கார வைத்து நாகேஷ் ஒரு பேய்க் கதை சொல்லும் காட்சியை இங்கே பார்க்காதவர்கள் யாராவது இருந்தால், பேச்சு முடிந்ததும் என் வீட்டுக்கு வாருங்கள். காபியும் உண்டு.

அந்தக் காட்சியை முதல் தடவை பார்க்கும்போது எல்லோரும் நாகேஷைத்தான் பார்ப்போம். கதவு கிறீச்சிடுவதும், காலடி ஓசையும், நாயின் ஊளையும் எல்லாம் அவர் வாயிலிருந்தே வருகிறது. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். இரண்டாம் தடவையும் நாகேஷ்தான். ஐந்தாறு தடவை பார்த்த பிறகு, அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பது தெரிந்துவிடுகிறதல்லவா, அப்போதுதான் கண் மெதுவாகப் பக்கத்தில் நகர்கிறது. பாலையா அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மகன் சொல்வது கதைதான் என்று தெரிந்த மனிதர், கொஞ்சம் கொஞ்சமாகப் பயத்துக்குள் போவதை முகத்திலேயே காட்டிக்கொண்டிருக்கிறார். கேட்கிறவர் இல்லாவிட்டால் சொல்கிறவருக்கு ஏது வேலை? இப்போதெல்லாம் நான் அந்தக் காட்சியில் நாகேஷைப் பார்ப்பதே இல்லை. பாலையாவை மட்டும்தான் பார்க்கிறேன்.

முடிவு தெரிந்திருப்பதில் உள்ள முதல் லாபம் இதுதான். அடுத்து என்ன ஆகும் என்ற அவசரம் போய்விடுகிறது. அவசரம் போனால் ஓரத்தில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

தில்லானா மோகனாம்பாளும் அப்படித்தான். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை. ஏ.பி.நாகராஜன் 1968-ல் படமாக எடுத்தார். சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி வாசிக்கும் நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இது தெரியாதபோது நான் பாட்டைக் கேட்டேன். தெரிந்த பிறகு சிவாஜியின் விரலையும் கன்னத்தையும் பார்க்கிறேன். மூச்சு அவர்களுடையது, கன்னம் இவருடையது. எங்கேயாவது பிசிறு தட்டுகிறதா என்று எத்தனையோ தடவை தேடிவிட்டேன், இன்னும் கையில் சிக்கவில்லை. என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆடிட் ஆசாமிக்கு இது பெரிய தோல்வி.

இதெல்லாம் சின்னச் சந்தோஷங்கள். இவை மட்டும்தான் காரணம் என்றால் லிஃப்டிலேயே பையனிடம் சொல்லியிருப்பேன். சொல்ல முடியாமல் போனது வேறு ஒன்று. அதற்கு மூன்று படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றுமே வீட்டைப் பற்றிய படங்கள். நாம் ஒரே கூரையின் கீழே நூற்றுச் சொச்சம் குடும்பம் வாழ்கிறோம், அதனால் உங்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதல் படம் எதிர்நீச்சல். கே.பாலசந்தர் மேடையில் போட்ட நாடகம், 1968-ல் படமானது. ஒரு வீட்டில் பல குடித்தனங்கள். இன்றைய அப்பார்ட்மென்டின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மாடிப்படிக்குக் கீழே ஒரு அநாதைப் பையன் இருக்கிறான். அவன்தான் மாது, நாகேஷ். எல்லா வீட்டுக்கும் எடுபிடி வேலை செய்வான், அந்த வீடுகளில் கொடுப்பதைச் சாப்பிடுவான், நடுவில் காலேஜ் படிப்பு. பட்டு மாமியாக சௌகார் ஜானகி, கிட்டு மாமாவாக ஸ்ரீகாந்த். கலகலப்பான படம்.

எங்கள் ஊருக்கு அது ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. எனக்கு அப்போது 13 வயது. வீட்டில் கஷ்டம். பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடிப்பேன். அதனால் மாதுவைப் பார்த்ததும், “இது நான்” என்று தோன்றிவிட்டது. அவன் ஜெயிக்கும்போதெல்லாம் நான் ஜெயித்தேன். அதற்குப் பிறகு வேலைக்குப் போய், பிரமோஷன் வாங்கி, ஓய்வும் பெற்று எத்தனையோ தடவை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். எல்லாத் தடவையும் நான் மாதுதான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி மறுபடி போட்டேன். பாதிப் படத்தில், “அடே, குடத்தைத் தூக்கு, இதை வாங்கிவா” என்று மேலிருந்து ஆள் ஆளுக்கு ஏவுகிறார்கள் பாருங்கள், அங்கே எனக்கு என்னவோ போலிருந்தது. படத்தை நிறுத்திவிட்டுக் குப்பைப் பையோடு கீழே இறங்கினேன்.

நம் பி பிளாக் மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், இரவுக் காவலர் தம்பி மடக்குக் கட்டில் போட்டிருப்பார். உங்களுக்கே தெரியும். அன்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு அவர் அங்கே எரியும் பல்பின் கீழே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து பல்பை அணைக்கப் போனார். ஏன் அணைக்கிறார் தெரியுமா? அந்தப் பல்பு இரவு முழுவதும் வீணாக எரிகிறது, பொதுக் கரண்ட் பில் ஏறுகிறது என்று அதற்கு இரண்டு மாதம் முன்னால் அசோசியேஷனுக்கு எழுதிக் கொடுத்தது நான்தான்.

“என்ன தம்பி படிக்கிறே?” என்றேன்.

“குரூப் ஃபோர் சார். பகல்ல இன்னொரு இடத்துல வேலை. ராத்திரிதான் நேரம் கெடைக்குது.”

மேலே வந்து மறுபடி படத்தைப் போடவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாக என்னை மாது என்று நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். மாடிப்படிக்குக் கீழேயிருந்து எப்போது மேல் வீட்டுக்குக் குடிபோனேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. படம் அப்படியேதான் இருந்தது. நான்தான் அதற்குள்ளேயே வீடு மாறியிருந்தேன்.

பொதுக் கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை என்று சொன்னேன் இல்லையா, அது இதுதான். அந்தப் பல்பைப் பற்றிய என் புகாரை இந்தச் சபையில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எழுத்திலும் கொடுத்துவிடுகிறேன். அந்த இடத்துக்கு ஒரு நல்ல எல்இடி விளக்கும், ஒரு மேஜையும், சுவரில் ஒரு மின்விசிறியும் என் செலவில் போட அனுமதி கேட்டிருக்கிறேன். செயலாளர் தலையாட்டுகிறார். நன்றி.

இரண்டாவது படம் வீடு. பாலு மகேந்திரா எடுத்தது, 1988. அர்ச்சனாவுக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய ஒரு பெண், தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டப் படும் பாடு. அனுமதிக்கு அலைச்சல், கடனுக்கு அலைச்சல், கான்ட்ராக்டர் பண்ணும் தில்லுமுல்லு. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அந்தப் படத்தை எடுத்திருக்கலாம், அவ்வளவு அனுபவம் நமக்கு உண்டு.

நான் அதை முதலில் பார்த்தது தூர்தர்ஷனில். அப்போது எனக்கும் வீட்டுக்கடன் யோசனை இருந்தது. அதனால் படம் முழுக்கக் கணக்குதான் பார்த்தேன். சிமெண்டு என்ன விலை, எங்கே ஏமாந்தாள், எந்தக் கையெழுத்தை முன்னாலேயே வாங்கியிருக்க வேண்டும் என்று. தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதரை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவர் கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தனியாகப் போவார். பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். திரும்பி வரும் வழியில் இறந்துபோவார். “இந்த இடம் கொஞ்சம் மெதுவாகப் போகுது” என்று மனைவியிடம் சொன்னது நினைவிருக்கிறது.

பிறகு இந்தக் கட்டடம் எழும்பியபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவளும் பஸ் பிடித்து வந்து பார்ப்போம். அப்போது எங்கள் வீட்டுக்குக் கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது. சுவருக்குத் தண்ணீர் விட்டு ஈரமாக இருக்கும். நான் மேஸ்திரியிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் உள்ளே போய், “இது சமையலறை, இது படுக்கையறை” என்று சொல்லிக்கொண்டே ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். “கையெல்லாம் சிமெண்டு, துடை” என்பேன்.

போன வருடம் அவள் போய்விட்டாள். இங்கே நிறையப் பேர் வந்து கூட இருந்தீர்கள். அதற்குச் சரியாக நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு ஒரு நாள் வீடு படம் பார்த்தேன். பாகவதர் சுவரைத் தொடும் இடம் வந்தது. மெதுவாகப் போகிறது என்று தோன்றவில்லை. சீக்கிரம் முடிந்துவிட்டது போலிருந்தது. பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன்.

மூன்றாவது படம் சம்சாரம் அது மின்சாரம். விசு எழுதி இயக்கியது, 1986, ஏவி.எம். தயாரிப்பு. சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தங்கத்தாமரை விருது வாங்கிய முதல் தமிழ்ப் படம். கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பா அம்மையப்ப முதலியாராக விசு, மூத்த மகனாக ரகுவரன், மருமகள் உமாவாக லட்சுமி. பணத்தால் சண்டை வந்து, வீட்டின் நடுவே கோடு கிழித்துவிடுவார்கள். கடைசியில் எல்லாம் சரியாகி, எல்லோரும் கட்டிப்பிடித்து அழுது, இனி ஒன்றாக இருப்போம் என்று நிற்கும்போது, உமா மட்டும் வேண்டாம் என்பாள். தனியாகப் போய் இருக்கிறோம், அவ்வப்போது வந்து பார்த்துப் பிரியமாக இருப்போம், அதுதான் உறவுக்கு நல்லது என்பாள்.

அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்க்கும்போது எனக்கு 30 வயது. கல்யாணமாகி இரண்டு வருடம். அப்பா, அம்மா, தம்பி, தங்கை, நாங்கள் இருவர், எல்லோரும் ஒரே வீட்டில். வெளியே வந்ததும் எனக்குக் கோபம். “ஒண்ணு சேர்ந்ததுக்கு அப்புறம் எதுக்குப் பிரியணும்? முடிவைக் கெடுத்துட்டான்” என்றேன். என் மனைவி, “உமா பண்ணினதுதான் சரி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் வாதாடினேன், அவள் பதில் சொல்லவில்லை. ஏழு பேருக்குச் சமைத்துவிட்டுப் படத்துக்கு வந்தவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவும் இல்லை. அன்று கூடத்தில் படுத்தபடியே தூங்கிவிட்டேன். வீட்டில் மொத்தம் ஆறு பேர்தானே, ஏழாவது யார் என்று ஆடிட் பண்ணாதீர்கள். ஊரிலிருந்து வந்த அத்தை, நான்கு வருடம் இருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் மகன் தன் மனைவி, குழந்தையோடு பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போனான். இருவருக்கும் அங்கேதான் வேலை. சண்டை எதுவும் இல்லை. எனக்குத்தான் ஆறவில்லை. மூன்று படுக்கையறை உள்ள சொந்த வீடு இருக்கும்போது வாடகை வீடா? அங்கே பால் காய்ச்சும் அன்று நான் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். அவள் மட்டும் ஆட்டோ பிடித்துப் போய்விட்டு வந்தாள். வந்து, “வீடு நல்லா காத்தோட்டமா இருக்கு. ஒரு தடவை வந்து பாருங்க” என்றாள். அதற்குப் பிறகும் பல தடவை சொன்னாள். நான் போகவே இல்லை. அவர்கள் இங்கே வந்தால் பேசுவேன், அவ்வளவுதான்.

போன தீபாவளிக்கு அடுத்த வாரம், டிவியில் அந்தப் படம் போட்டார்கள். வீட்டில் நான் மட்டும்தான். கடைசிக் காட்சி வந்தது. லட்சுமி பேச ஆரம்பித்தார். வசனம் எனக்கு மனப்பாடம். ஆனால் அன்று எனக்குக் கேட்டது பஸ் ஸ்டாப்பில் அவள் பேசாமல் நின்றது. 30 வயதில் நான் அந்தப் படத்தில் மகனாக இருந்தேன். இப்போது முதலியாராக இருக்கிறேன். உமா யாரென்று மட்டும் இத்தனை வருடமும் பார்க்கத் தவறிவிட்டேன்.

படம் முடிந்ததும் மருமகளுக்குப் போன் செய்தேன். மகனுக்கு இல்லை, மருமகளுக்கு. “ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாமாம்மா?” என்றேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. “மாமா, இதுக்கெல்லாம் கேட்கணுமா? காலைல டிபனுக்கே வந்துடுங்க” என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். வீடு நல்ல காற்றோட்டம். அதை அவளிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

இப்போது வாரா வாரம் போகிறேன். பேத்திக்குப் பத்து வயது. அவளுக்கும் பழைய படம் காட்டுகிறேன். இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பழைய படம் எல்லாமே தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு படத்தில் கதாநாயகன் திமிர் பிடித்த பெண்டாட்டியைப் பளார் என்று அறைந்தான். நாங்கள் அந்தக் காலத்தில் விசிலடித்த இடம். பேத்தி கேட்டாள், “அந்த ஆன்ட்டியை அடிக்கறாங்க, ஏன் தாத்தா எல்லாரும் சிரிக்கறாங்க?” மருமகள் என்னைப் பார்த்தாள். “நாங்களும் அப்போ சிரிச்சோம்மா. தப்பு” என்றேன். அந்தப் படத்தை இனி போடமாட்டேன். மறுபடி பார்ப்பதில் இதுவும் ஒரு பயன். படத்தைத் திருத்த முடியாது. பார்த்தவன் திருந்தலாம்.

ஆக, தம்பி, மூன்றாவது வரிசைத் தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். படத்தின் முடிவு எனக்குத் தெரியும். நான் இப்போது எங்கே நிற்கிறேன் என்பதுதான் தெரியாது. புதுப் படம் ஊர் உலகத்தைக் காட்டும். பார்த்த படம், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் நான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்பதைக் காட்டிவிடும். சில சமயம் சந்தோஷமாக இருக்கும், சில சமயம் குப்பைப் பையோடு கீழே இறங்க வேண்டியிருக்கும். உனக்கும் இப்போது பிடித்த ஒரு படம் இருக்குமே, அதைப் பத்திரமாக வைத்துக்கொள். முப்பது வயதில் ஒரு தடவையும், அறுபது வயதில் ஒரு தடவையும் பார். அப்போது சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துப் பார், கீழ் வீட்டில் யாராவது இருப்பார்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் நம் ஹால் சும்மாதான் இருக்கிறது. குழந்தைகள் விழாவுக்கு வாங்கிய புரொஜெக்டரும் அலமாரியில் தூங்குகிறது. மாதம் ஒரு பழைய படம் போடலாம். அனுமதி சம்பந்தமானவற்றைச் செயலாளர் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சுண்டல், காபி செலவை நாங்கள் சில பேர் ஏற்றுக்கொள்கிறோம். படம் முடிந்ததும் ஒரு கால் மணி நேரம் பேசலாம். யாருக்கு யாரைப் பிடித்தது, யார் பக்கம் நியாயம் என்று. வீட்டில் தனியாகப் பார்த்தால் இந்த வாதம் கிடைக்காது. பஸ் ஸ்டாப் வரைக்கும் வாதாட எதிரில் ஒரு ஆள் வேண்டும். இந்தத் தடவை பதிலையும் கேட்டுக்கொள்வதாக உறுதி சொல்கிறேன்.

எதிர்நீச்சலில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இருமல் தாத்தா. அந்த வீட்டில் குடியிருப்பவர்தான், ஆனால் முகத்தைக் காட்டமாட்டார்கள், இருமல் சத்தம் மட்டும் கேட்கும். 13 வயதில் அந்தச் சத்தம் வந்தாலே கொட்டகை சிரிக்கும், நானும் சிரித்தேன். நம் ஐந்து பிளாக்கிலும் இருமல் தாத்தாக்களும் பாட்டிகளும் இருக்கிறார்கள். மூட்டு வலி, சக்கர நாற்காலி, காது கேட்காது, “அவங்க எதுக்குக் கீழே வரணும்” என்ற நம் சமாதானம், ஏதோ ஒரு காரணம். சத்தம் மட்டும்தான் நமக்குத் தெரியும், முகம் மறந்துகொண்டு வருகிறது. முதல் சனிக்கிழமைக்கு அவர்களைக் கீழே அழைத்து வாருங்கள். லிஃப்டுக்கு ஆள் நிறுத்துவது என் பொறுப்பு. நாற்காலியை முன்வரிசையில் போடுவோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களும், காவலர் தம்பிகளும் தரையில் இல்லை, நாற்காலியில்தான் உட்கார வேண்டும். டெண்டுக் கொட்டகையிலேயே தரை டிக்கெட்டை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

முதல் படம் எது என்று சண்டை போட வேண்டாம். நான் முடிவு செய்துவிட்டேன். காதலிக்க நேரமில்லை. கதை சொல்லும் காட்சி வரும்போது நாகேஷைப் பார்க்காதீர்கள். பாலையாவைப் பாருங்கள். அப்புறம் கொஞ்சம் திரும்பி, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பது யார் என்றும் பாருங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளலாம்.